மூன்று கட்டுரைதானா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "ஓர் ஆய்வாளரை அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து எடை போடாதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பினாங்கில் வாய்ப் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் 27 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா, என் மகள் புற்றுநோய் ஆய்வில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறாள். இதுவரை மூன்று கட்டுரைதான் வந்திருக்கிறது. அவளோடு படித்த பையனுக்கு நாற்பதாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள்கூட கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு "மூணுதானா?" என்கிறார்கள். அவள் பின்தங்கிவிட்டாளா?
*ஒரு தாய், பிறை*

அம்மா, மூன்று கட்டுரைகளையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். மூன்றிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது. முதலாவதில் கேட்கிறாள், இரண்டாவதில் தான் நினைத்தது சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறாள், மூன்றாவதில் வேறு வழியாக அதே கேள்விக்குள் போகிறாள். என்ன கேள்வி என்று இங்கே எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. மூன்றிலும் முதல் பெயர், அதாவது வேலையைச் செய்து எழுதியவரின் இடம், அவளுடையது. அவள் பின்தங்கவில்லை.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்பீர்கள். ஒரு கட்டுரை எப்படி உருவாகிறது என்று சொல்லுங்கள். என் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் நோயாளியின் சம்மதம். கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, "என் வாயில இருந்து வெட்டுற சதைய வச்சு நீ என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அது வீணான நேரம் இல்லை. அவர் புரிந்துகொள்ளாமல் கைரேகை வைத்தால் அது சம்மதமே இல்லை. அறுவை சிகிச்சை அன்று வெளியே ஐஸ் பெட்டியோடு காத்திருக்க வேண்டும். நோயைக் கண்டறியத் தேவையானதை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில் கடலைப்பருப்பு அளவுக்கு நமக்குக் கிடைக்கும். வாய்க்குள் இருந்து வருவதால் அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழுவி, மருந்து போட்டு, தட்டில் வளர்க்கப் பார்த்தால் பெரும்பாலும் மூன்றாம் நாளே கலங்கிப்போய்விடும். எப்போதாவது ஒன்று பிழைத்து வளர ஆரம்பித்தால் அன்று எல்லோருக்கும் கோப்பி நான் வாங்கித் தருவேன். பட்டர்வொர்த் பக்கமிருந்து வரும் மாதிரிகளை ஃபெர்ரியில் மடியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறேன். போதுமான மாதிரி சேர இரண்டு மூன்று ஆண்டுகள். சோதனைகள் இன்னும் ஓர் ஆண்டு. எழுதி அனுப்பினால் ஆய்விதழ் அதை வேறு ஆய்வாளர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அவர்கள் "இன்னொரு சோதனை செய்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். மறுபடி ஆறு மாதம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் சொந்தக்காரர் கைத்தொலைபேசியில் ஒரு வரி தெரிகிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர் ஞாபகம் வரும். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியைப் பற்றி டெனிஸ் பர்கிட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1958 இல் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1961 இல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், இதற்குக் காரணம் ஒரு வைரஸாக இருக்கலாம் என்று பிடித்துக்கொண்டார். உகாண்டாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகள் வரும், அவர் நுண்ணோக்கியில் தேடுவார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் மூடுபனி. விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தது. திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியிருக்கலாம். ஆனால் ஒரு துளி எடுத்துப் பார்த்தார்கள். கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, உயிரோடு மிதந்துகொண்டிருந்த புற்றுநோய் செல்கள். அந்தச் செல்களை வளர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் வைரஸ் தெரிந்தது. 1964 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்று மூன்று பெயர்களோடு வெளியான அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் என்று முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அதுதான். பினாங்குச் சீனர்களிடம் நாம் அதிகம் கேள்விப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயிலும் அதே எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பங்கு உண்டு.

அந்த இரண்டு ஆண்டுகளில் யாராவது எப்ஸ்டீனின் பட்டியலைத் தேடி, "இந்த வைரஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்?" என்று பார்த்திருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது. செல்களை வளர்த்த இவோன் பார், பிற்பாடு ஆஸ்திரேலியா போய்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்றுக்கொடுத்தார். அவர் பெயரில் கட்டுரைகள் குறைவு. ஆனால் அந்த வைரஸின் பெயரை உச்சரிக்கும் ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

ஆய்வாளர்களை அளக்கும் எச் குறியீடு என்று ஒன்றைப் பற்றியும் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் குறியீடு 10. அப்படியென்றால் மூன்று கட்டுரை எழுதியவருக்கு அது மூன்றைத் தாண்டவே முடியாது, அவற்றை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் சரி. இளம் ஆய்வாளரை அளக்க அது உதவாது.

அந்தப் பையனின் நாற்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். புள்ளிவிவரம் தெரிந்தவர்களைப் பல குழுக்கள் கூப்பிடும், அவர்கள் பெயர் பல இடங்களில் நேர்மையாகவே வரும். அதே சமயம், காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துப் பெயர் சேர்த்துக் கொடுக்கும் கூட்டங்களும் உலகத்தில் இருக்கின்றன. 2023 ஆம் ஆண்டில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகள், நம்பத்தகாதவை என்று திரும்பப் பெறப்பட்டன. எண்ணிக்கையைத் துரத்தச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. மகளிடம் மூணுதானா என்று நீங்கள் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அம்மா. நாலாவது என்ன என்று கேளுங்கள். அவள் சாப்பாட்டை மறந்து பேசுவாள்.

என் தம்பி இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை செய்தான். கட்டுரை வந்தபோது பதினோரு பேர் பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது. இது நியாயமா?
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்*

தம்பி என்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது.

புற்றுநோய்த் துறையில் வழக்கம் இதுதான்: முதல் பெயர், கையால் வேலை செய்து கட்டுரையை எழுதியவருடையது. கடைசிப் பெயர், ஆய்வுக்கூடத்தின் தலைவருடையது. நடுவில் உள்ளவர்கள் ஏதோ ஒரு பகுதியைச் செய்தவர்கள். யார் பெயர் வரலாம் என்பதற்கு மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தகவல் சேகரிப்பதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் உள்ளதற்குப் பொறுப்பேற்க வேண்டும். சொன்ன வேலையை மட்டும் செய்தவருக்கு நன்றிக் குறிப்பு சரி. ஆனால் தம்பி சோதனையை வடிவமைத்து முடிவுகளையும் அலசியிருந்தால், எழுதுவதில் பங்கெடுக்க அவரை அழைத்திருக்க வேண்டும். அழைக்காமல் இருந்துவிட்டு, "நீ எழுதவில்லையே" என்று பெயரை விடுவது தவறு. அடுத்த இடத்தில் வேலைக்குச் சேரும்போதே இதைப் பேசி, மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரை வந்த பிறகு பேசுவது சண்டையாகத்தான் முடியும்.

பெயர் விடுபடுவது என்றால் எல்லாப்ரகட சுப்பாராவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆந்திரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தார். அப்புறம் அமெரிக்கா போனார். பிற்பாடு லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுதான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாக உருவாக்கியது, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை அந்தக் குழந்தைகளுக்குச் செய்ய ஒன்றுமே இருந்ததில்லை. 1948 ஜூன் மாதம் வெளியான அந்தக் கட்டுரையில் ஐந்து பெயர்கள். சுப்பாராவ் பெயர் அதில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 53 வயதில் அவர் இறந்துபோனார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. முடக்குவாதத்துக்கு அதைச் சாப்பிடுகிறவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

தம்பிக்கு இது ஆறுதலா என்று தெரியவில்லை. ஆனால் அவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலை புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஆய்விதழிலேயே வந்திருக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். கட்டுரை உண்மையில் இருக்கிறது, நானே பார்த்தேன். நம்பலாமா?
*வாசகர், நிபோங் திபால்*

கட்டுரை இருக்கும். அதில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தட்டில் வளர்த்த செல்கள் மீது இலைச்சாற்றை ஊற்றியிருப்பார்கள், செல்கள் செத்திருக்கும். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலும் அவை சாகும். தட்டிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து மனிதருக்கு, மனிதரிலும் மூன்று கட்டங்கள் என்று நெடுந்தூரம் இருக்கிறது. டுரியான் பெலாண்டா அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. கரீபியனில் குவாடலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலையையும் நிறைய உட்கொள்கிறவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் காணப்படுவதாக 1999 இலேயே லான்செட்டில் எழுதினார்கள். புற்றுநோய்க்கு மருத்துவமனை மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு இலைக்குப் போகவே கூடாது. நிறுத்தாவிட்டாலும், இலை குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

உங்கள் ஆய்வில் எப்போதாவது தவறு நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் என்ன செய்தீர்கள்?
*உயிரியல் ஆசிரியர், சுங்கை பட்டாணி*

நடந்தது. இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

செல் லைன் என்று நாங்கள் சொல்வது, ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, தட்டில் காலம் முழுக்கப் பெருகிக்கொண்டே இருக்கும்படி வளர்த்த செல்கள். ஓர் ஆய்வுக்கூடம் இன்னொன்றுக்குக் கொடுக்கும், அது மற்றொன்றுக்குக் கொடுக்கும். அப்படி வெளியிலிருந்து வந்த ஒரு வாய்ப் புற்றுநோய் செல் லைனை வைத்து நானும் என் மாணவியும் நான்கு ஆண்டுகள் வேலை செய்தோம். இரண்டு கட்டுரைகள் வந்தன. அப்புறம் வேறொரு ஊர் ஆய்வாளர் அதே செல்களைக் கேட்டார். அனுப்புவதற்கு முன் டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்துவிடுவோம் என்று மாணவிதான் சொன்னாள். முடிவு வந்த தாளை அவள் என் மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அவை வாய்ப் புற்றுநோய் செல்களே இல்லை. ஹீலா.

ஹீலா என்பது 1951 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள். காட்டுச்செடி மாதிரி வளரும். ஒரு துளி தவறி இன்னொரு தட்டில் விழுந்தால் அங்கிருப்பதை அமுக்கிவிட்டுத் தான் வளர்ந்துவிடும். வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்ததாக நம்பப்பட்ட 18 செல் லைன்கள் உண்மையில் ஹீலாதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966 லேயே எச்சரித்தார். மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்காக உலகமெங்கும் பயன்படுத்திய சில செல் லைன்களிலும் ஹீலா கலந்திருந்தது பிற்பாடு தெரியவந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் முதல் நாளே சோதிக்கவில்லை. வந்த குப்பியின் மேல் ஒட்டியிருந்த பெயரை நம்பினேன்.

அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலை இரண்டு ஆய்விதழ்களுக்கும் நானே எழுதி, கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தையும் முழுதாகச் சொன்னேன். "வெளியே யாருக்கும் தெரியாதே, ஏன்?" என்று என் மேல் அக்கறை உள்ளவர்களே கேட்டார்கள். எனக்கு அந்தக் கூலிம் பாட்டிதான் கண்முன் நின்றார். வாய்ப் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற யாராவது எங்கள் கட்டுரையை நம்பி, வாயில் இல்லாத ஒன்றைத் துரத்திக்கொண்டு இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடினால்? மாணவியின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்களை முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

இப்போதும் என் பெயரைத் தேடினால் அந்த இரண்டும் "திரும்பப் பெறப்பட்டது" என்ற குறிப்போடு வரும். வரட்டும். அவற்றை இன்னமும் மேற்கோள் காட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் படும்போதெல்லாம் அவர்களுக்கு நான் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மாணவி இன்று வேறோர் ஊரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துகிறாள். அங்கே எந்தச் செல் வந்தாலும் முதல் வேலை அடையாளச் சோதனைதான்.

ஐயா, உங்கள் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். பெயர் போடாமல் சொல்ல வேண்டியதில்லை, என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

என் அம்மாவுக்கு 72 வயது. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து வெற்றிலை போடுகிறார். புகையிலை சேர்ப்பதில்லை, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான். அதனால் பயமில்லை என்கிறார். சரியா?
*மகன், பட்டர்வொர்த்*

சரியில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்பது 1980 களிலேயே உறுதியானது. புகையிலை இல்லாவிட்டாலும் உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் சொல்லிவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் இந்தியர்களிடம்தான் அதிகம். பினாங்கு என்ற பெயரே மலாயில் பாக்கைக் குறிக்கும் சொல். இந்தத் தீவில் உட்கார்ந்து 27 ஆண்டுகள் பாக்கின் வேலையைப் பார்த்தவள் சொல்கிறேன், அம்மாவை இந்த வாரமே அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயை முன்புபோல் அகலத் திறக்க முடியாமை, இவற்றில் ஏதாவது இருந்தால் அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

வெற்றிலையை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் சத்தம் போட வேண்டாம். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன பெண்களுக்குப் பசியை அடக்கியது அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறேன். புற்றுநோய் ஆய்வாளராக ஆசை. தமிழ்ப்பள்ளியில் படித்தேன், ஆங்கிலம் சுமார்தான். முடியுமா? இப்போதே என்ன செய்யலாம்?
*மாணவி, புக்கிட் மெர்தாஜாம்*

முடியும், கண்ணு. நானும் தோட்டத் தமிழ்ப்பள்ளிதான். ஆங்கிலம் படிக்கப் படிக்க வந்துவிடும். கட்டுரை எழுத அது வேண்டும், அதனால் விடாதே. ஆனால் சம்மதம் கேட்கப் போகும்போது பாட்டிகளிடம் பேச உன் தமிழ்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் ஹொக்கியன் பேசினால் அதையும் காதில் வாங்கிக்கொள்.

முதலில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேசன், அப்புறம் உயிர்மருத்துவம் அல்லது உயிர்வேதியியலில் பட்டம், அதன் பிறகு ஆய்வு வழியில் முதுகலை, முனைவர். மொத்தம் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடு. கணிதத்தில் புள்ளியியல் பகுதியை விட்டுவிடாதே. எங்கள் துறையில் திணறுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் திணறுகிறார்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கு. பக்கங்களுக்கு நீயே எண் போடு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாலும் தேதியோடு அதில் எழுது. தவறாக எழுதிவிட்டால் கிழிக்காதே, மையால் அழிக்காதே, ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது. அடித்தது பின்னாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். என் அலமாரியில் அப்படி 41 நோட்டுகள் இருக்கின்றன. ஹீலா வந்த நாளும் அதில் இருக்கிறது.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வந்ததும் எழுது. எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.